யானிக் சின்னரை உருவாக்கியது எது?

ஒரு குழந்தையின் கையில் எந்த வயதில் டென்னிஸ் மட்டையைக் கொடுப்பது என்ற வாதம் அரை நூற்றாண்டாக ஓயவில்லை. ஆண்ட்ரே அகாஸியின் தந்தை தொட்டிலுக்கு மேலேயே டென்னிஸ் பந்துகளைக் கட்டித் தொங்கவிட்டவர். வீனஸ், செரீனா சகோதரிகளின் தந்தை, மகள்கள் பிறக்கும் முன்பே அவர்களுக்கான பயிற்சித் திட்டத்தை எழுதி வைத்ததாகச் சொல்லிவந்தார். நிக் பொலட்டியேரி ஃபுளோரிடாவில் நடத்திய உறைவிடப் பயிற்சிக்கூடம் இந்த நம்பிக்கையை ஒரு தொழிலாகவே ஆக்கியது. சீக்கிரம் தொடங்கு, வேறெதையும் தொடாதே, நிறைய அடி என்பதுதான் அங்கு விதி. 1993-இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வும், 2008-இல் மால்கம் கிளாட்வெல் அதைப் பத்தாயிரம் மணிநேரம் என்ற எண்ணாகச் சுருக்கிப் பரப்பியதும் இந்த விதிக்கு அறிவியல் மெருகைக் கொடுத்தன.

உலகின் முதலிடம்வரை போன இத்தாலிய டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் இந்த விதிக்கு அடங்காதவர். அதனாலேயே அவருடைய தொடக்க ஆண்டுகள் குறித்து ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். பனிச்சறுக்குதான் காரணம் என்பார் ஒருவர். பயிற்சியாளர் என்பார் இன்னொருவர். இத்தாலிய டென்னிஸ் கூட்டமைப்பு தன் அமைப்பைக் காட்டுகிறது. பிறந்த மண்ணின் சுபாவம் என்று எழுதும் பத்திரிகையாளர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் நடந்தவை

2001 ஆகஸ்ட் 16 அன்று இத்தாலியின் வடகோடியில் உள்ள சான் காண்டிடோவில் பிறந்தவர் சின்னர். வளர்ந்தது, ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய மலைக் கிராமமான செஸ்டோவில். பெற்றோர் இருவரும் பனிச்சறுக்குப் பயணிகள் தங்கும் மலைவிடுதி ஒன்றில் வேலை செய்தவர்கள். அப்பா சமையல்காரர், அம்மா பரிமாறுபவர். மூன்று வயதில் சறுக்குக் கட்டைகளில் ஏறிய பையன், எட்டு வயதில் ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில் தன் வயதினருக்கான தேசிய சாம்பியன். ஏழு வயதில் டென்னிஸை ஓராண்டு விட்டேவிட்டான். அப்பா வற்புறுத்தியதால்தான் திரும்பினான். பன்னிரண்டு வயதிலும் பனிச்சறுக்கு, கால்பந்து இரண்டுக்கும் அடுத்த மூன்றாம் இடம்தான் டென்னிஸுக்கு. பதின்மூன்றில் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு, ஆஸ்திரிய எல்லையோரத்திலிருந்து பிரெஞ்சு எல்லையோரக் கடற்கரை ஊரான போர்டிகெராவுக்கு, பயிற்சியாளர் ரிக்கார்டோ பியாட்டியிடம் போனான்.

2018-இல் தொழில்முறை ஆட்டக்காரர். 2019 தொடங்கும்போது தரவரிசையில் 500-க்கும் கீழே. அந்தப் பிப்ரவரியில், முதன்மையான ஏடிபி சுற்றுக்கு ஒரு படி கீழான சேலஞ்சர் வரிசையில், பெர்கமோ போட்டியில் பட்டம். பதினேழு வயதில் சேலஞ்சர் வென்ற முதல் இத்தாலியர் ஆனார். ஏப்ரலில் புடாபெஸ்டில், தகுதிச்சுற்றில் தோற்றும் இடம் கிடைத்த 'லக்கி லூசர்' ஆக உள்ளே வந்து முதல் ஏடிபி வெற்றி. செப்டம்பருக்குள் அமெரிக்க ஓபனில் தகுதிச்சுற்று தாண்டி, ஸ்டான் வாவ்ரிங்காவிடம் நான்கு செட்களில் தோல்வி. நவம்பரில் மிலானில் நடந்த அடுத்த தலைமுறையினருக்கான இறுதிப் போட்டியில் ஏற்பாட்டாளர்கள் தரும் நேரடி அனுமதியான வைல்டு கார்டு மூலம் நுழைந்து, அலெக்ஸ் டி மினாரை வீழ்த்திப் பட்டம். ஆண்டு முடிவில் 78-ஆம் இடம். 2020 பிரெஞ்சு ஓபனில் முதல் முறை ஆடியபோதே கால் இறுதி. அந்த நவம்பரில் சோஃபியாவில் முதல் ஏடிபி பட்டம். 2021-இல் நான்கு பட்டங்களும் மயாமி இறுதியாட்டமும், ஆண்டு முடிவுக்குள் முதல் பத்தில் இடமும். 2022 பிப்ரவரியில் பியாட்டியை விட்டு விலகினார்.

இந்த வரிசையில் எல்லோரும் பட்டங்களைத்தான் எண்ணுகிறார்கள். அதிகம் பேசப்படாத ஓர் எண் இருக்கிறது: 133. ஜூனியர் தரவரிசையில் சின்னர் எட்டிய மிக உயர்ந்த இடம் அது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

பனிச்சறுக்கு வாதம்

பரவலாக நம்பப்படும் விளக்கம் இது. நம்பத் தூண்டும் விளக்கமும் இதுதான். ஜயன்ட் ஸ்லாலத்தில் வீரர் ஒவ்வொரு கொடிக் கம்பத்தையும் சுற்றித் திரும்பும்போது வெளிப்பக்கக் கால்தான் முழு எடையையும் தாங்க வேண்டும்; உடல் உள்பக்கம் சாய்ந்தாலும் தோள்கள் மட்டம் குலையக்கூடாது. கடினத் தரையில் சின்னர் பேக்ஹேண்ட் பக்கம் ஓடும் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இதே வடிவம் தெரியும். வெளிக்கால் நீண்டு சறுக்குகிறது, இடுப்பு தாழ்கிறது, தலை ஆடுவதில்லை. சறுக்கி நிற்பதற்குள் பந்தை அடித்து முடித்து, அதே காலை ஊன்றி நடுப்பகுதிக்குத் திரும்பிவிடுகிறார்.

மனநிலை சார்ந்த பகுதியும் இவ்வாதத்தில் உண்டு. சறுக்குப் பந்தயத்தில் ஒரு தவறு செய்தால் அன்றைய வேலை முடிந்தது. டென்னிஸில் ஒரு பந்தை வெளியே அடித்தாலும் அடுத்த பந்து இருக்கிறது. தவறு செய்தும் வெல்ல முடிகிற ஆட்டம் என்பதால்தான் டென்னிஸைத் தேர்ந்தெடுத்ததாகச் சின்னரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வாதத்துக்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. 1980-களில் ரோல்ஃப் கார்ல்சன் என்ற ஆய்வாளர், உலக முன்வரிசையை எட்டிய ஸ்வீடன் ஆட்டக்காரர்களையும், சிறுவயதில் அவர்களுக்குச் சமமாக இருந்து பிறகு பின்தங்கியவர்களையும் ஒப்பிட்டார். பின்தங்கியவர்கள்தாம் சீக்கிரமே டென்னிஸை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள். மேலே போனவர்கள் சிற்றூர்களிலிருந்து வந்து, பதினான்கு வயதை ஒட்டி மற்ற விளையாட்டுகளை விட்டவர்கள். அண்மையில் ஆர்னே குல்லிச்சும் சகாக்களும் 6,096 விளையாட்டு வீரர்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்தபோது கிடைத்த முடிவும் இதே திசையில்தான்: உலகத் தரத்தை எட்டியவர்கள், தேசியத் தரத்தோடு நின்றவர்களைவிடத் தம் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், பிற விளையாட்டுகளில் அதிகம் பழகியவர்கள், தொடக்கத்தில் மெதுவாக முன்னேறியவர்கள்.

சின்னருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை போலத் தோன்றும். ஆனால் இரண்டு இடங்களில் பிடிக்கிறது. முதலாவது, அந்த ஆய்வுகள் குழுக்களின் சராசரியைப் பேசுபவை. ஒரு மனிதரின் பேக்ஹேண்ட் எங்கிருந்து வந்தது என்று அவை சொல்ல முடியாது. கடினத் தரையில் சறுக்கி ஆடிய கிம் கிளைஸ்டர்ஸோ கேல் மான்ஃபில்ஸோ சறுக்குப் பந்தயத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. நோவாக் ஜோகோவிச்சின் குடும்பம் கோபாவோனிக் சறுக்குத் தலத்தில் உணவகம் நடத்தியது உண்மை. ஆனால் சின்னர், ஜோகோவிச் என்ற இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது. இரண்டாவது, எதிர்ச்சாட்சி பக்கத்திலேயே நிற்கிறது. கார்லோஸ் அல்கராஸ் நான்கு வயதிலிருந்தே டென்னிஸ் களத்தில் வளர்ந்தவர்; சின்னரைவிட இளம் வயதில் முதல் பத்துக்குள் வந்தார், இளம் வயதில் கிராண்ட்ஸ்லாம் வென்றார். மெதுவாகத் தொடங்கியவர் பின்னால் முந்துவார் என்ற கணிப்பை இந்த இருவரை வைத்து நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ஆல்ப்ஸ் கிராமங்களில் சிறுவயதில் சறுக்காத பிள்ளைகள் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது. அவர்களில் டென்னிஸ் ஆடி எங்கும் போய்ச் சேராதவர்களை யாரும் எண்ணுவதில்லை.

போர்டிகெராவின் பங்கு

இரண்டாவது விளக்கம் பயிற்சியாளரை மையமாக வைப்பது. சின்னர் வருவதற்கு முன்பே பியாட்டி பெயர் பெற்றவர். இவான் லூபிசிச் உலகின் 3-ஆம் இடத்தை எட்டியது அவருடைய பார்வையில். ரிச்சர்ட் காஸ்கே, மிலோஸ் ரவோனிச் ஆகியோரும் அவரிடம் இருந்தவர்கள்; இளம் ஜோகோவிச்சும் சிறிது காலம் இருந்தார். ஆண்ட்ரியாஸ் செப்பியின் பயிற்சியாளர் மாசிமோ சார்த்தோரி வழியாகத்தான் மலைக் கிராமத்துப் பையன் அங்கே போய்ச் சேர்ந்தான். ஒரு பயிற்சியாளரின் குடும்பத்தோடு தங்கி, வீட்டை விட்டு விலகி, ஆட்டத்தையே அன்றாடமாக்கிக்கொண்டான்.

மேலே நிறுத்தி வைத்த 133 என்ற எண் இங்கேதான் பொருள் பெறுகிறது. திறமையுள்ள பதினாறு வயதுப் பையன் வழக்கமாக என்ன செய்வான்? ஜூனியர் சுற்றில் ஆடி, ஜூனியர் விம்பிள்டனுக்கோ ஜூனியர் பிரெஞ்சு ஓபனுக்கோ குறிவைப்பான். பெற்றோருக்கும் விளம்பரதாரருக்கும் காட்ட ஒரு கோப்பை வேண்டுமே. பியாட்டியின் குழு அந்தப் பாதையை ஏறக்குறைய முழுதாகத் தாண்டியது. கடைசி வரிசைத் தொழில்முறைப் போட்டிகளில், தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களிடம் தோற்கப் பையனை அனுப்பியது. வென்ற கோப்பைகளைவிட ஆடி முடித்த ஆட்டங்களையே கணக்கில் எடுத்தது.

இந்த முடிவின் துணிச்சலைப் புரிந்துகொள்ள இத்தாலியிலேயே இன்னொருவரின் கதை போதும். 2013-இல் ஜூனியர் விம்பிள்டன் வென்றவர் ஜான்லூயிஜி குவின்சி. ஜூனியர் தரவரிசையில் முதலிடம், நாட்டின் நம்பிக்கை. ஆனால் ஆண்கள் தரவரிசையில் முதல் நூறுக்குள் வராமலேயே 2021-இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஜூனியர் கோப்பை எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதற்கு அவர் சான்று. அதேவேளை அது கெடுதலும் இல்லை என்பதற்கு லோரன்சோ முசெட்டி சான்று: 2019 ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம், ஜூனியர் முதலிடம், பிறகு 2024 விம்பிள்டன் அரையிறுதி, பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலம், 2025-இல் முதல் பத்து. சிறுவயதிலிருந்து ஒரே பயிற்சியாளர் சிமோனே தார்த்தரினியோடு இருந்தவர். ஒரே நாடு, ஒரே தலைமுறை, நேரெதிர் வழிகள்.

பியாட்டி விளக்கத்தின் பெரிய பலவீனம் வேறு. அவரிடம் இருந்த பலர் முதல் ஐந்து, முதல் பத்து வரை போனார்கள். அவர் பொறுப்பில் யாரும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வெல்லவில்லை. சின்னரும் அவரோடு இருந்தவரை முதல் பத்தோடு நின்றார். 2020 பிரெஞ்சு ஓபன் கால் இறுதி இதற்கு நல்ல காட்சி. முதல் செட்டில் ரஃபேல் நடாலின் சர்வீஸை முறித்து, 6-5 என முன்னிலையில், செட்டை முடிக்கத் தன் சர்வீஸில் நின்றார் பத்தொன்பது வயது சின்னர். அந்த கேமை நடால் பிடுங்கிக்கொண்டார். செட் டைபிரேக்கில் போனது. இரண்டாவது செட்டிலும் 3-1 என்று முன்னால் இருந்து தோற்றார். முடிவு 7-6, 6-4, 6-1. பின்கோட்டிலிருந்து நடாலுக்கு ஈடாகப் பந்தை அடிக்கத் தெரிந்திருந்தது. முடிக்கும் இடத்தில் கைகொடுக்கும் சர்வீஸும் வலைக்கு வரும் பழக்கமும் பந்தின் வேகத்தை மாற்றும் வித்தையும் இன்னும் வரவில்லை. போர்டிகெரா கொடுத்தது எது, கொடுக்காதது எது என்பதை ஒரே ஆட்டத்தில் படிக்கலாம்.

கூட்டமைப்பின் உரிமைக்கோரல்

இத்தாலிய ஆண்கள் டென்னிஸ் நீண்ட வறட்சியைக் கண்டது. நிக்கோலா பியத்ராஞ்செலி 1959, 1960-இலும், அட்ரியானோ பனாட்டா 1976-இலும் பிரெஞ்சு ஓபன் வென்றார்கள். 1978-இல் கொராடோ பராசூட்டி பாரிஸில் அரையிறுதி ஆடிய பிறகு, 2018-இல் மார்கோ செக்கினாட்டோ வரும்வரை கிராண்ட்ஸ்லாம் அரையிறுதியில் இத்தாலிய ஆண் யாரும் இல்லை. நாற்பது ஆண்டுகள். பிறகு மடை திறந்ததுபோல் ஃபபியோ ஃபோக்னினி, மத்தேயோ பெரெட்டினி, சின்னர், முசெட்டி. இத்தனை பேர் ஒரே சமயத்தில் வந்தால் அமைப்பில் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம்.

2001 முதல் கூட்டமைப்பின் தலைவராக இருக்கும் ஆஞ்செலோ பினாகியின் தரப்பு சொல்வது இது: பிள்ளைகளைத் தேசிய மையத்துக்கு இழுத்துவருவதை விட்டு, அவரவர் ஊரில் அவரவர் பயிற்சியாளரோடு இருக்கவிட்டு உதவினோம், நாடெங்கும் சேலஞ்சர் போட்டிகளை நடத்தினோம், 2008-இல் சொந்த டென்னிஸ் தொலைக்காட்சியே தொடங்கினோம். இதில் சேலஞ்சர் பற்றிய பகுதி உண்மையிலேயே வலுவானது. சின்னரின் தொடக்ககால வெற்றிகளை வரைபடத்தில் குறித்தால் ட்ரென்டோ, சாந்தா மார்கரிட்டா டி பூலா, பெர்கமோ, ஓர்ட்டிசேய் எனப் பெரும்பகுதி உள்நாடு. ஓர்ட்டிசேய் அவருடைய சொந்த மாகாணத்திலேயே இருக்கிறது. 500-க்கும் கீழே உள்ள ஆட்டக்காரருக்கு விமானச் செலவும் விடுதிச் செலவும்தான் முதல் எதிராளி. உள்நாட்டில் போட்டி இருந்தால் வைல்டு கார்டும் கிடைக்கும், தோற்றால் ரயிலேறி வீட்டுக்கும் போகலாம்.

நம் பக்கம் இதன் மறுபாதி தெரியும். 2024 பிப்ரவரியில் சென்னை சேலஞ்சர் இறுதியில் சுமித் நாகல் வென்று முதல் முறையாக முதல் நூறுக்குள் நுழைந்தார். அவரிடம் தோற்றவர் லூகா நார்டி என்ற இத்தாலியர். அடுத்த மாதமே இந்தியன் வெல்ஸில் ஜோகோவிச்சை வீழ்த்தினார் அந்த நார்டி. சொந்த மண்ணில் இப்படி ஒரு போட்டி இந்திய ஆட்டக்காரர்களுக்கு அபூர்வம். இத்தாலியர்களுக்கு அது வாராந்திர விஷயம்.

ஆனாலும் கூட்டமைப்பு தன் கணக்கில் எழுதிக்கொள்வதைக் கொஞ்சம் குறைத்துத்தான் வாசிக்க வேண்டும். போட்டிகளும் பணமும் போதுமென்றால் பிரான்ஸ் எங்கே? பிரெஞ்சு ஓபன் வருமானமும் வளமான சேலஞ்சர் சுற்றும் உள்ள அந்த நாட்டில் 1983-இல் யானிக் நோவாவுக்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் வென்ற ஆண் இல்லை. இத்தாலியப் பெண்களின் வரைபடமும் ஒத்துவரவில்லை. ஆண்கள் வறண்டு கிடந்தபோதே பிரான்செஸ்கா ஸ்கியாவோனே 2010-இல் பாரிஸிலும் ஃப்ளாவியா பென்னெட்டா 2015-இல் நியூயார்க்கிலும் வென்றார்கள். ஆண்கள் எழுந்தபோது பெண்கள் தரப்பு சோர்ந்தது. 2024-இல் ஜாஸ்மின் பவோலினி வந்துதான் மீண்டது. தலைமை ஒன்றே, விளைவுகள் மட்டும் வேறுவேறு காலத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக, சின்னர் கூட்டமைப்பின் மையத்தில் வளர்ந்தவரே அல்ல. தனியார் பயிற்சிக்கூடத்தின் பிள்ளை. கூட்டமைப்பு வழிமறிக்காமல் இருந்தது. அதற்குரிய நன்றியைச் சொல்லலாம். படைப்புரிமையைக் கொடுக்க முடியாது.

மலைநாட்டுச் சுபாவம் என்னும் கதை

நான்காவது விளக்கத்தை நீட்டத் தேவையில்லை. சின்னரின் சொந்த மாகாணமான தெற்கு டிரோல், முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்த பகுதி. இன்றும் அங்கே பெரும்பான்மையோர் பேசுவது ஜெர்மன், சின்னரின் தாய்மொழியும் அதுவே. முகத்தில் எதையும் காட்டாத இளைஞரைப் பார்த்து, 'இது இத்தாலிய ரத்தம் இல்லை, ஆல்ப்ஸ் குளிர்ச்சி' என்று எழுதுவது எளிது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகாதபோதும், 2023 செப்டம்பரில் நாடுகளுக்கிடையேயான டேவிஸ் கோப்பைச் சுற்றைத் தவிர்த்தபோதும் இதே பேச்சு கசப்பான வடிவில் வந்தது. அந்த நவம்பரிலேயே மலாகாவில் ஜோகோவிச்சிடம் மூன்று மேட்ச் பாயிண்ட்களைத் தாண்டி வென்று, 1976-க்குப் பிறகு முதல் டேவிஸ் கோப்பையை நாட்டுக்குக் கொண்டுவந்ததும் பேச்சு அடங்கியது.

சுபாவத்தை நிலத்தோடு கட்டும் இவ்வகை விளக்கம் எதையும் விளக்குவதில்லை. இத்தாலியின் ஆர்ப்பாட்டமான பனிச்சறுக்கு நாயகன் ஆல்பர்ட்டோ தோம்பா பொலோன்யா பக்கத்துச் சமவெளிக்காரர். சமவெளியிலிருந்து சறுக்கு வீரர் வரலாம் என்றால் மலையிலிருந்து யாரும் எப்படியும் வரலாம். செப்பியும் தெற்கு டிரோல்காரர்தான், அமைதியானவர்தான். அவர் எட்டிய உச்சம் 18-ஆம் இடம். அமைதி மட்டும் போதாது என்பது அங்கேயே தெரிகிறது.

விலகல் கிளப்பும் சிக்கல்

2022 பிப்ரவரியில் சின்னர் எடுத்த முடிவு மேற்சொன்ன எல்லா விளக்கங்களையும் கொஞ்சம் கலைத்துப்போடுகிறது. முதல் பத்தில் இருக்கும் இருபது வயதுக்காரர், தன்னை வளர்த்த பயிற்சியாளரை விட்டு, அதிகம் அறியப்படாத சிமோனே வாக்னோட்சியிடம் போனார். ஜூலைக்குள் ஆஸ்திரேலியரான டேரன் கேஹில் சேர்ந்தார். சர்வீஸில் கால் வைக்கும் முறை முதல் பந்தை மெதுவாக வலைக்கு அருகே இறக்கும் டிராப் ஷாட் வரை ஆட்டத்தைப் பிரித்துக் கோத்தார்கள். உடனே பலன் வரவில்லை. அந்த ஆண்டு உமாகில் ஒரே ஒரு பட்டம்; விம்பிள்டனில் ஜோகோவிச்சிடம் இரண்டு செட் முன்னிலையிலிருந்து தோல்வி; அமெரிக்க ஓபனில் மேட்ச் பாயிண்ட் கையில் வைத்திருந்து, ஐந்தே கால் மணிநேரம் ஆடி, அல்கராஸிடம் தோல்வி. அப்போது எழுதிய பலர் விலகலைத் தவறு என்றே தீர்ப்பளித்திருப்பார்கள். 2024 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் டானில் மெத்வதேவிடம் இரண்டு செட் பின்தங்கி வென்றதும், ஜூனில் உலகின் முதலிடத்தை எட்டிய முதல் இத்தாலியர் ஆனதும், அதே விலகல் தொலைநோக்கு எனப் பெயர் பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது விளக்கங்களின் பொதுக் குறை. எல்லாமே முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கி எழுதப்பட்டவை. 2022 டிசம்பரில் நின்று எழுதியிருந்தால், ஜூனியர் சுற்றைத் தாண்டியது அனுபவக் குறைவுக்குக் காரணமாகவும், பனிச்சறுக்கு வீணான ஆண்டுகளாகவும் காட்டப்பட்டிருக்கக்கூடும்.

தீராதவை

நான்கையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. சுபாவக் கதையை ஒதுக்கிவிடலாம். பனிச்சறுக்கு, உடல் அசைவைப் பொறுத்தவரை நம்பத்தக்கது; அதைத் தாண்டி அது சாட்சியம் இல்லாத ஊகம். கூட்டமைப்பின் பங்கு களம் அமைத்ததில் இருக்கிறது, ஆளை ஆக்கியதில் இல்லை. ஆவணச் சான்று மிகுதியாக இருப்பது அந்த 133-க்குத்தான்: ஜூனியர் கோப்பைகளை விட்டுவிட்டு மூத்தவர்களிடம் தோற்க அனுப்பிய முடிவு. அதற்கு ஒரு பயிற்சியாளரின் பொறுமையும் வேண்டியிருந்தது, உள்நாட்டிலேயே அத்தனை போட்டிகளும் வேண்டியிருந்தன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லும் தரவு நம்மிடம் இல்லை. பியாட்டியோடு 2024 வரை இருந்திருந்தால் என்ன என்ற கேள்விக்கும் அப்படியே. இன்னொன்று: பதின்மூன்று வயதில் மகன் நாட்டின் மறுகோடிக்குப் போக அனுமதித்த பெற்றோரின் பங்கை அளக்க இந்த ஆய்வுகள் எதிலும் அளவுகோல் இல்லை.

சோதித்துப் பார்க்க அடுத்த தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. 2007-இல் பிறந்த பலெர்மோக்காரர் ஃபெதரிக்கோ சினா, 2025 மயாமி போட்டியில் பதினேழு வயதில் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்றார். தெற்குக் கோடித் தீவைச் சேர்ந்தவர். பனிச்சறுக்கு மலைகளும் போர்டிகெராவும் அவர் கதையில் இல்லை. பயிற்சியாளர் சொந்தத் தந்தை. உள்நாட்டுச் சேலஞ்சர் சுற்று மட்டுமே சின்னரோடு அவருக்குப் பொது. அவரும் அவர் வயது இத்தாலியர்களும் இருபத்து மூன்றை எட்டும்போது, கூட்டமைப்பின் வாதத்தையாவது இன்னும் கறாராக எடைபோட முடியும்.